டிக்கெட் மண்டகப்படி

அந்த பெஞ்சு வேண்டாம் தம்பி. அது நகைக்கடைக்காரர்கள் சங்கம் போட்டது. சாய்கிற இடம் முழுக்க அவர்கள் பெயர்தான். பயணி சாய்வது பெஞ்சின் மேல் அல்ல, விளம்பரத்தின் மேல். இப்படி இந்தச் சிமெண்டு மேடையில் உட்காருங்கள். இது பழைய ஸ்டேஷனுடையது. கொஞ்சம் உடைந்திருக்கிறது, ஆனால் யாருடைய பெயரும் இல்லை.

உங்களை யார் அனுப்பியது என்று எனக்குத் தெரியும். ரயில்வே இந்த ஸ்டேஷனுக்கு ஒரு வரலாற்றுப் பலகை வைக்கப் போகிறது. அதற்கு வாசகம் எழுத உங்களை அமர்த்தியிருக்கிறது. காலையிலிருந்து ஊருக்குள் சுற்றி எல்லாரையும் விசாரித்துவிட்டு, ரயிலுக்கு நேரமான பிறகு என்னிடம் வருகிறீர்கள். என்னைப் பார்க்கவே வேண்டாம் என்று எத்தனை பேர் சொன்னார்கள்? சொல்ல வேண்டாம், முகத்தில் தெரிகிறது. 'முரசுகிட்ட மட்டும் வாயக் குடுத்துராதீங்க, ரயிலை விட்டுருவீங்க' என்று டிக்கெட் கொடுக்கிற ரியாஸ் சொல்லியிருப்பான். அவனுக்குத் தெரிந்த ஒரே நகைச்சுவை அது. வாரத்துக்கு நாலு பேரிடம் சொல்கிறான்.

பலகையில் எத்தனை வரி? பத்துதானா? நூறு வருஷத்துக்குப் பத்து வரி. நல்லது. அதில் ஒன்று எனக்கு வேண்டும். சுற்றி வளைத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஒரு வரி. அதையும் நானே சொல்லித் தருகிறேன், உங்களுக்கு வேலை மிச்சம். மற்ற ஒன்பதில் மிராசுதாரையும் தர்மகர்த்தாவையும் வைத்து என்ன கோலம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

பெயர் பக்கிரிசாமி. அது அப்பா வைத்தது. 'போர்முரசு' நான் நடத்திய பத்திரிகை. பத்திரிகை என்றால் ஒரு தாள், ரோஸ் காகிதம், இரண்டு பக்கமும் அச்சு. பள்ளிக்கூடத்தில் நான் எட்டாவது வரைதான். மிச்சம் முழுவதும் துண்டுப் பிரசுரத்தில் படித்தேன். உலகத்தில் எந்த அநியாயமாக இருந்தாலும் இரண்டு பக்கத்தில் அடங்கும். அடங்கவில்லை என்றால் எழுதுகிறவன் எதையோ மறைக்கிறான். உங்களைப் போல் தடித்தடிப் புத்தகம் படித்தவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். வேண்டாம். இரண்டு கட்சிகள் என்னை நீக்கின. மூன்று கட்சிகளை நான் நீக்கினேன்.

முதலில் அந்த மிராசுதார் கதையை அடித்துவிடுங்கள். 'கொடைவள்ளல் ரெங்கசாமி மிராசுதார் நிலம் கொடுத்து சிற்றாலங்குடிக்கு ரயிலைக் கொண்டுவந்தார்' என்று தர்மகர்த்தா சொல்லியிருப்பார். சொல்லாமல் என்ன, அந்த மிராசுதாருக்கு இவர் பேரன். நிலம் கொடுத்தது உண்மை. எந்த நிலம்? ஊருக்கு இரண்டு மைல் தள்ளி, புல்கூட முளைக்காத உவர் நிலம். ஏன் அங்கே கொடுத்தார்? எதிரே பாருங்கள், அந்த இடிந்த சுவர் அவருடைய நெல் மில். வெள்ளைக்காரனுக்கு நெல் வேண்டும், மிராசுதாருக்கு மில் வாசலில் ரயில் வேண்டும். நெல் மூட்டை ஏறியது. மூட்டையோடு எலி ஏறுமே, அதுபோல் ஜனங்களும் ஏறிக்கொண்டார்கள். இந்த ஊர் ஜனங்கள் ரயில் ஏறியதே ஒரு தற்செயல். அதற்கு நூறாண்டு விழா, பலகை, திறப்பு, பொன்னாடை.

தார் பூசிய விஷயத்தையும் சொல்லியிருப்பார்கள், சிரித்துக்கொண்டே. ஆமாம், பெயர்ப் பலகையில் இந்தி எழுத்தை அழிக்கத் தார்ச்சட்டியோடு போனோம். நான் மேடையில் பேசிக்கொண்டிருந்தேன், பூசுகிற வேலையை ஒரு தோழரிடம் கொடுத்தேன். அவருக்கு எழுத்து வாசனை கிடையாது. எது இந்தி என்று தெரியாமல் மூன்றையும் பூசிவிட்டார். கொஞ்ச காலம் ஊருக்கே பெயர் இல்லாமல் இருந்தது. வெளியூர்க்காரர்கள் இறங்காமல் போய்விட்டார்கள் என்று இன்றும் கேலி பேசுகிறார்கள். நான் கேட்கிறேன், இந்த ஊரில் இறங்கி அவர்கள் எதைப் பார்க்கப் போகிறார்கள்?

சரி, வரலாற்றுக்கு வருகிறேன். காலையில் ஒரு பாசஞ்சர், மாலையில் ஒரு பாசஞ்சர். வெற்றிலைக் கட்டு, கருவாட்டுக் கூடை, கோர்ட்டுக்குப் போகிற பங்காளிகள், இவ்வளவுதான் போக்குவரத்து. மெட்ராஸ் எக்ஸ்பிரஸ் நிற்காது. ஸ்டேஷன் மாஸ்டர் பிளாட்பாரத்தில் நின்று, அடுத்த ஸ்டேஷன்வரை பாதை காலி என்பதற்கு அடையாளமான சாவி வளையத்தை நீட்டுவார். டிரைவர் ஓடுகிற ஓட்டத்தில் கையை விட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவான். நம் முகத்தில் புழுதி. அந்தப் புழுதியைத் துண்டால் துடைத்துக்கொண்டு, 'என்னா வேகம் பாத்தியா' என்று ரசித்தவர்கள் தம்பி இந்த ஊர்க்காரர்கள். இதற்குப் பெயர் அவமானம் என்று நான்தான் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதுவரைக்கும் அவர்களுக்கு அது ஒரு வேடிக்கை.

மனுக் கொடுத்தோம். கறுப்புக்கொடி காட்டினோம். பிறகு மறியல். தண்டவாளத்தில் உட்கார்ந்தோம், எக்ஸ்பிரஸ் நின்றது. அந்தக் காலத்தில் இந்த ஊரில் எக்ஸ்பிரஸ் நின்ற ஒரே நாள் அதுதான், நிறுத்தியவன் நான். போலீஸ் என்னைத் தூக்கிக்கொண்டு போகும்போது திரும்பிப் பார்க்கிறேன், நின்ற ரயிலில் இரண்டு பேர் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள், மெட்ராஸ் போக. வேறு யாரும் இல்லை, என்னோடு தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். ஒருவன் எங்கள் பொருளாளர். ஜன்னல் வழியாகக் கையை வேறு ஆட்டினான். அவனை அன்றைக்கே நீக்கினேன்.

லாக்கப்பில் இருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பயணச்சீட்டு மறுப்பு இயக்கம். எக்ஸ்பிரஸ் நிற்கும்வரை சிற்றாலங்குடியில் ஒருவரும் டிக்கெட் எடுக்கக் கூடாது. டிக்கெட் இல்லாமலே பாசஞ்சரில் ஏறுவோம், பிடித்தால் சிறை செல்வோம். அரசின் வருமானத்தில் கை வைப்போம். வெளியே வந்ததும் பிரசுரம் போட்டேன். 'எடுக்காதே சீட்டை, ஏற்காதே கேட்டை.' ரயில்வே கேட் இல்லை, கேடு. எதுகைக்காகப் போட்டேன்.

தம்பி, நீங்கள் அந்தப் பருவத்தைப் பார்த்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் தொடங்கி அறுவடை வரை. நான் கூப்பிட்டு எதற்குமே வராத ஊர் இது. உண்ணாவிரதப் பந்தலுக்கு வரச் சொன்னால், 'சாப்பாடு உண்டா' என்று கேட்ட ஊர். அந்த ஊர் அப்படியே திரண்டது. டிக்கெட் எடுக்காதே என்று சொன்ன மறுநாள் ஒருவன் எடுக்கவில்லை. தெருத்தெருவாகக் கிளம்பினார்கள். மாதம் ஒருமுறை டவுனுக்குப் போகிறவன் தினம் போனான். குடும்பத்தோடு போனார்கள், சினிமாவுக்குப் போனார்கள், சம்பந்தி வீட்டுக்குப் போனார்கள், எல்லாம் கொள்கைக்காக. மிராசுதார் வீட்டு ஆட்கள்கூட டிக்கெட் இல்லாமல் ஏறினார்கள் என்றால் பாருங்கள், வர்க்க பேதமே மறைந்துவிட்டது. என் ஐம்பது வருஷப் பொதுவாழ்வில் மக்களிடம் அவ்வளவு அரசியல் தெளிவை நான் முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

ஒரே ஒருத்திதான் துரோகம் செய்தாள். சவரியம்மாள். காலை பாசஞ்சரில் கருவாட்டுக் கூடை கொண்டுபோகிறவள். ஊரே சும்மா ஏறும்போது இவள் மட்டும் ஜன்னலில் கையை நீட்டி டிக்கெட் வாங்குவாள். கூடைக்கும் தனியாகச் சீட்டு வாங்குவாள். நான் வழிமறித்துக் கேட்டேன், 'ஊர்க் கட்டுப்பாட்டை மீறுகிறாயே, இது நியாயமா' என்று. என்ன சொன்னாள் தெரியுமா?

'யோவ் முரசு, எங்க வூட்டுல ஓசியில ஏறுன ஆளு கெடையாதுய்யா. ஒன் பேச்சக் கேட்டு நானு புதுசா ஆரம்பிக்கணுமா?'

'இது ஓசி இல்லை. மறுப்பு' என்றேன்.

'மறுப்புன்னா ஏறக்கூடாது. நல்லா ஏறி ஜன்னலோரமா ஒக்காந்துகிட்டு என்னய்யா மறுப்பு? கருவாடு வேணாம்ன்னா வாங்காத. கூடையிலேருந்து அள்ளிக்கிட்டுப் போயிட்டு மறுப்புன்னு சொல்லுவியா?'

தத்துவம் தெரியாதவளிடம் விவாதம் எதற்கு என்று விட்டுவிட்டேன். ஆனால் சும்மா விடவில்லை. பிரசுரம் போட்டேன். 'கருவாட்டுக் கூடைக்குள் ஒரு கருங்காலி.' ஊர் முழுக்கக் கொடுத்தேன். அவளிடமும் நேரில் கொடுத்தேன், பயந்து கொடுக்கவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது அல்லவா. இன்னும் இருக்கா என்று கேட்டாள். ஒரு கட்டு வாங்கிக்கொண்டாள். மறுநாளிலிருந்து அந்த ரோஸ் தாளில்தான் நெத்திலி மடித்து விற்றாள். என் பிரசுரங்களிலேயே அதிக வீடுகளுக்குள் போனது அதுதான்.

அடுத்தது அந்த ஸ்டேஷன் மாஸ்டர், ஞானப்பிரகாசம். எழுதுவதாக இருந்தால் பெயரைச் சின்ன எழுத்தில் போடுங்கள். கோழை. ஒரு நாள் சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறார்.

'சார், கொஞ்சம் தயவு பண்ணுங்க. மேலேருந்து கேட்டு எழுதியிருக்காங்க. ஒங்க ஸ்டேஷன்ல ஏறுறது ஒரே ஒரு பொம்பளையும் ஒரு கூடையுந்தானான்னு. நான் என்னன்னு பதில் எழுதுவேன்? வண்டி நெறைய ஜனம் போவுது, டிக்கெட் மட்டும் போவலைன்னு எழுதுனா என்னைத்தான் தூக்குவாங்க. ஒரு பத்துப் பேர். பத்துப் பேர் எடுத்தாப் போதும் சார். ஸ்டேஷன் பொழைச்சிக்கும்.'

ஒரு அரசாங்கம், தம்பி. இந்தியாவின் பேரரசாங்கம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு என் வாசலில் நின்று கெஞ்சுகிறது. போராட்டம் வெற்றியை நெருங்கிவிட்டது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? 'எக்ஸ்பிரஸ் நிற்குமா, நிற்காதா?' என்று ஒரே கேள்வி கேட்டேன். 'அது என் கையில இல்ல சார்' என்றார். 'அப்படியானால் பத்துப் பேரும் என் கையில் இல்லை' என்றேன். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார். அந்தப் பதிலைப் பிரசுரத்தில் கட்டம் கட்டிப் போட்டேன்.

இதற்குப் பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. சவரியம்மாளைத் தவிர ஒருவரும் டிக்கெட் எடுக்கவில்லை, ஆனால் ஸ்டேஷனில் டிக்கெட் விற்கிறது. எப்படி? நான் துருவினேன். யார் இந்தப் புதிய கருங்காலிகள் என்று நானே நாலு நாள் ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தேன். அவளைத் தவிர ஒருவரும் வரவில்லை. உள்ளே மட்டும் தேதி குத்துகிற இயந்திரம் டக் டக் என்று சத்தம் போடுகிறது. பிறகு போர்ட்டரைப் பிடித்து விசாரித்தேன். அந்த ஆள், ஞானப்பிரகாசம், தன் சம்பளத்தில் தானே டிக்கெட் எடுத்துக் கிழித்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். பத்துப் பேர் ஏறியதாகக் கணக்கு. இப்படிப்பட்ட மோசடியை நான் பொறுப்பேனா? 'ஆளில்லாமல் விற்கும் சீட்டு: நிலைய அதிபரின் தில்லுமுல்லு.' இந்தத் தடவை ஊருக்குள் மட்டும் கொடுக்கவில்லை. மேலதிகாரிகளுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நேர்மை என்பது எதிரியிடமும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறவன் நான்.

அவரை மாற்றிவிட்டார்கள். எங்கோ ஆந்திரா எல்லைக்கு. போகிற அன்று சவரியம்மாள் ஒரு பொட்டலம் வஞ்சிரக் கருவாடு கொண்டுபோய்க் கொடுத்தாளாம். வாங்கிக்கொண்டு அழுதாராம். என்னிடம் சொல்லிக்கொண்டுகூடப் போகவில்லை. பண்பாடு இல்லாத மனிதர்.

அந்தக் கோடையிலேயே உத்தரவு வந்தது. 'போதிய பயணிகள் இல்லாமையால் சிற்றாலங்குடி நிலையம் மூடப்படுகிறது.' எப்பேர்ப்பட்ட பொய் பாருங்கள். பயணிகள் இல்லையாம். தினம் இந்தப் பிளாட்பாரத்தில் காலை வைக்க இடம் இருக்காது. ஒவ்வொரு நாளும் நான் இங்கே நின்று கண்ணால் பார்த்திருக்கிறேன், நூற்றுக்கணக்கில் ஏறினார்கள். அதிகாரத்தில் இருப்பவன் எப்போதும் உண்மைக் காரணத்தைச் சொல்ல மாட்டான். உண்மைக் காரணம் பயம். எங்களைக் கண்டு பயம். ஒரு சின்ன ஊரின் எழுச்சியை அடக்க முடியாமல் ஸ்டேஷனையே மூடிவிட்டுப் போனார்கள். ஒரு மனிதனுக்கும் அவனுடைய ரோஸ் காகிதத்துக்கும் பயந்து ஒரு ரயில் நிலையத்தை மூடிய சரித்திரம் வேறு எந்த ஊருக்காவது உண்டா? கேட்டுப் பாருங்கள்.

லாரி கொண்டுவந்தார்கள். தண்டவாளத் துண்டில் செய்த மணி, டிக்கெட் அலமாரி, கடிகாரம், எல்லாவற்றையும் ஏற்றினார்கள். நான் இதே மேடையில் வெற்றிவிழாக் கூட்டம் போட்டேன். மைக்செட் வைத்தேன். வந்தவர்கள், மைக்செட்காரனையும் சேர்த்து, விரல் விட்டு எண்ணலாம். நேற்றுவரை தினம் ரயில் ஏறிய ஜனம், ரயில் போனதும் காணாமல் போய்விட்டது. அப்போதுதான் இவர்களுடைய கொள்கை உறுதி எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலையில் சவரியம்மாள் கூடையோடு வந்து நின்றாளாம். பாசஞ்சர் நிற்காமல் போனதாம். அதற்கு மறுநாளும் வந்தாளாம். பிறகு பஸ்ஸுக்குப் போனாள். கருவாட்டு நாற்றம் என்று கண்டக்டர் கூடையை ஏற்றவில்லை. டவுன் வியாபாரம் போயிற்று, கூடையைப் போட்டுவிட்டு எங்கள் தெருவிலேயே ஆப்பக் கடை போட்டாள். வெற்றிலைக்காரர்களுக்கும் இதே கதைதான், கட்டு வாடிப்போகுமாம். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நானா கூடையை இறக்கினேன்? பஸ் முதலாளியைக் கேட்க வேண்டும். நான் கேட்டேனே. 'கருவாட்டை ஏற்றாத பேருந்து, கண்ணீரை ஏற்றுமா?' என்று ஒரு பிரசுரம் போட்டேன். சவரியம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன், பழசை மறந்து. வாங்கிப் பார்த்துவிட்டு, 'ஆப்பம் மடிக்க இது ஆவாது, மை ஒட்டும்' என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அதோடு இந்த இடம் பாழ். ஆடு மேய்ந்தது. அகலப் பாதை போட்டார்கள், பெரிய ரயில் வந்தது, நிற்காமல் போனது. புழுதி மட்டும் பழைய புழுதி. முகத்தைத் துடைத்துக்கொண்டு 'என்னா வேகம்' என்று சொல்கிறவர்கள், பழைய ஆட்களின் பேரன்கள்.

இனி இப்போது நடக்கிற கூத்துக்கு வருகிறேன். இதைத்தான் அவர்கள் பலகையில் எழுதச் சொல்லியிருப்பார்கள். டிக்கெட் கொடுக்கிறான் என்றேனே அந்த ரியாஸ், மொபைல் கடைக்காரன். போனில் ஒரு குழு வைத்து, எம்.பி.யைப் பார்த்து, அதிகாரியைப் பார்த்து, ஆறு மாதத்துக்குச் சோதனை நிறுத்தம் வாங்கிவிட்டான். அதாவது ரயில் இங்கே நின்று பார்க்கும். போதுமான டிக்கெட் விற்றால் தொடர்ந்து நிற்கும், இல்லையென்றால் பழையபடி பறந்துவிடும். டிக்கெட் விற்கிற குத்தகையும் அவனுக்கே. இதற்கு என்ன அர்த்தம்? பரீட்சை வைக்கிறார்கள். நமக்கு. நம்முடைய ரயிலில் ஏற.

மானமுள்ள ஊர் என்ன செய்யும்? எதிர்த்து நிற்கும். இந்த ஊர் என்ன செய்தது? கோயிலில் போய் உட்கார்ந்து யோசித்தது. தர்மகர்த்தா சொன்னாராம், 'திருவிழாவுக்கு மண்டகப்படி எப்புடி? ஆளுக்கு ஒரு நாளு, தெருவுக்கு ஒரு நாளு எடுத்துக்கறோம்ல. அதேபோல டிக்கெட்டுக்கும் முறை வச்சிக்குவோம்.' நீங்கள் வெளியூர், மண்டகப்படி தெரியும்தானே? திருவிழாவில் ஒவ்வொரு நாள் செலவையும் ஒவ்வொரு தெருவோ சாதியோ ஏற்றுக்கொள்வது, அன்றைக்குச் சாமி அவர்கள் வாசலில் நிற்கும். இப்போது ரயில் நிற்கிறது.

திங்கள் நகைக்கடைக்காரர்கள், செவ்வாய் பள்ளிவாசல் தெரு, புதன் வெற்றிலைக்காரர்கள். பள்ளிவாசல் தெருவுக்கே மண்டகப்படி கொடுத்துவிட்டார்கள், இதில் அவர்களுக்கும் பெருமை வேறு. முதல் நாள் நாயனம் வைத்தார்கள். 'இன்றைய டிக்கெட் மண்டகப்படி உபயம் மேலத்தெரு நண்பர்கள்' என்று மைக்கில் அறிவிப்பு. வீட்டுக்கு ஒரு டிக்கெட், அடுத்த ஊர்வரை. வேலை இருக்கிறவன் போகிறான், வேலை இல்லாதவன் போய் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு பஸ்ஸில் திரும்புகிறான். ரயில் பக்கமே வராதவர்கள் டிக்கெட்டை வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைக்கிறார்கள். நான் பார்த்தேன். குங்குமம் வைத்த ரயில் டிக்கெட்.

ஞானப்பிரகாசம் ஒருவர் செய்த மோசடியை இப்போது ஊரே சேர்ந்து செய்கிறது. ஆளில்லாமல் விற்கிற சீட்டு. உரிமை என்றால் கேட்டு வாங்க வேண்டும். இவர்கள் மொய் எழுதி வாங்குகிறார்கள். தன் ஊரில் தன் ரயில் நிற்பதற்குத் தானே மொய் வைக்கிற ஜனத்தை வேறு எங்காவது பார்த்திருக்கிறீர்களா? அதுவும் ஜெயித்துவிடும்போல் இருக்கிறது. இந்த வாரத்தோடு ஆறு மாதம் முடிகிறது. பலகைக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள் என்றால் என்ன அர்த்தம்?

என்னிடமும் வந்தான் ரியாஸ். 'மாமா, நீங்க ஒண்ணு எடுத்தா பேப்பர்லயே போடுவாங்க மாமா.' போடுவார்கள், ஏன் போடமாட்டார்கள். ஊரே விலைபோயிற்று, மிச்சமிருக்கிறவன் நான் ஒருவன். 'தம்பி, அன்றைக்கு எடுக்காதே என்று சொன்னவன் நான். என் சொல்லை நான் இன்னும் வாபஸ் வாங்கவில்லை' என்றேன். 'மாமா, எக்ஸ்பிரஸே இப்ப நிக்கிதே மாமா' என்றான். நிற்கிறது. நான் நிறுத்தவில்லையே.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். இதுதான் என் வரி. 'மக்கள் எழுச்சிக்கு அஞ்சி அரசே மூடிய நிலையம் இது. மூட வைத்தவர், அன்றுமுதல் இன்றுவரை இங்கே பயணச்சீட்டு எடுக்காத ஒரே மனிதர், போர்முரசு பக்கிரிசாமி.' ஏன் தயங்குகிறீர்கள்? மூட வைத்தவர் என்று போடலாமா என்றா? தாராளமாகப் போடுங்கள். திறந்தவன் பெயரை எல்லா ஊரிலும் போடுகிறார்கள். எழுதிவிட்டீர்களா? படியுங்கள். 'மூட வைத்தவர்' கொஞ்சம் அழுத்தமான எழுத்தில் இருக்கட்டும்.

பேச்சை நிறுத்துங்கள், வருகிறாள். அந்த வெள்ளைச் சேலைதான் சவரியம்மாள். கையில் விசிறிபோல் பிடித்திருப்பது டிக்கெட். இன்று எங்கள் தெரு முறை, ஜன்னலில் மொத்தமாக வாங்கி, பிளாட்பாரத்துக்கு வந்திருக்கிற தெருக்காரர்களுக்கு வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துக்கொண்டு வருகிறாள். கால் சரியாக வராது, வாய் மட்டும் பழைய வாய்.

என்ன சவரி. தம்பி ரயில்வேக்காக வந்திருக்கிறார். ஸ்டேஷன் வரலாறு எழுதுகிறார். மரியாதையாகப் பேசு.

கேட்டீர்களா? 'அதுல எங் கூடையும் வருமா' என்கிறாள். வராது. பத்து வரிதான், இடமில்லை.

என்ன இது? எனக்கா? நான் கேட்டேனா? எடு கையை. என்ன சொன்னாய்? இன்னொரு தடவை சொல், தம்பியும் கேட்கட்டும். தம்பி, உங்களுக்குச் சரியாகக் கேட்டதா? 'இன்னிக்கு என்னய்யா புதுசா பதறுறீரு. ஆறு மாசமா எங்க தெரு முறை வர்றப்பல்லாம் ஒமக்கும் ஒண்ணு எடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். வூட்டுக்கு ஒண்ணுன்னு பேச்சு. நீரு எடுக்கமாட்டீருன்னு ஒரு வூட்டைக் கொறைக்க முடியுமா?' என்கிறாள்.

ஆறு மாதமாகவா?

என்னைக் கேட்காமல்? என் பெயரிலா? இதற்கு முன்னால் எடுத்ததெல்லாம் எங்கே? கிழித்துப் போட்டாயா? பார்த்தீர்களா தம்பி, அந்த ஞானப்பிரகாசம் எத்தனை பேரைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கருங்காலி. அன்றும் கருங்காலி, இன்றும் கருங்காலி. சிரிக்கிறாள் பாருங்கள். பல் கிடையாது, சிரிப்புக்குக் குறைச்சல் இல்லை. போ, போ. பாக்கி வீட்டாரைப் பார்.

நீங்கள் எதையும் அடிக்க வேண்டாம். வரி அப்படியே இருக்கட்டும். எடுத்தவள் அவள். நான் எடுக்கவில்லை. சட்டப்படி பார்த்தாலும் நான் எடுக்காதவன்தான். இது என் கையில் இருப்பது சாட்சிக்காக. நாளைக்கு ஒரு பிரசுரம் போட்டால் ஆதாரம் வேண்டும் அல்லவா, அதற்காகத்தான் பையில் வைக்கிறேன். முன்னெல்லாம் அட்டை, கெட்டியாக இருக்கும். இது வெறும் தாள். கசங்கிவிடும், மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைக்கிறேன். இருங்கள், ஊர்ப் பெயரைச் சரியாகப் போட்டிருக்கிறார்களா பார்ப்போம். சிற்றாலங்குடி. சரியாகத்தான் இருக்கிறது. தமிழிலும் போட்டிருக்கிறான். அதுவும் எங்களால்தான்.

எழுந்துவிட்டீர்களா? அவசரப்படாதீர்கள், சிக்னல் இன்னும் விழவில்லை. உங்கள் டிக்கெட்டைக் காட்டுங்கள், இந்த ஊர்ப் பெயர் உங்களுடையதில் எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்கிறேன்.

இது இங்கே எடுத்தது இல்லையே. திருச்சியிலேயே போகவும் வரவும் சேர்த்து எடுத்துவிட்டீர்களா? அப்படியானால் நீங்கள் எங்கள் ஸ்டேஷனில் ஏறுவது எங்கள் கணக்கில் வராதே. காலையிலிருந்து இந்த ஊரில் சுற்றுகிறீர்கள், எங்கள் தண்ணீரைக் குடித்தீர்கள், வரலாறு கேட்டீர்கள், ஒரு டிக்கெட் இங்கே எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லையா? கடைசி வாரம் தம்பி. ஒவ்வொன்றையும் எண்ணுகிறார்கள். ஜன்னலில் ரியாஸ் இருக்கிறான், அடுத்த ஊருக்காவது ஒன்று எடுத்துக்கொண்டு ஓடி வாருங்கள், உங்கள் பையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

என்ன படித்து என்ன. உங்களைப் போன்றவர்களால்தான் ஸ்டேஷனை மூடுகிறார்கள்.